வைரஸ்தான் போய்விட்டதே, ஸ்கேன் எதற்கு?

ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்குப் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை. முடித்து இன்னும் 12 வாரம் கழித்தும் ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்றால் குணமானதாகவே கணக்கு. 100-க்கு 95 பேருக்கு மேல் தேறிவிடுகிறார்கள். அப்படியும் சிலரை டாக்டர் விடமாட்டார்: "ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வந்துடுங்க." தேடுவது ஈரல் புற்றுநோயை.

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் தன் மரபணுவை நம் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடும். சி அப்படியில்லை, அது ஆர்என்ஏ வைரஸ், முழுசாகத் துடைத்துவிடலாம். சிக்கல் அது 20, 30 வருடம் குடியிருந்த வீட்டில். ஓயாத அழற்சியில் ஈரல் செல்கள் செத்துச் செத்துப் பிறக்கின்றன. ஒவ்வொரு தடவையும் டிஎன்ஏவை நகலெடுக்கையில் பிழைகள் சேர்கின்றன. காயத்தை மூடும் வேலையில் இறங்கிய ஸ்டெல்லேட் செல்களோ (ஈரலில் நார் இழைக்கும் செல்கள்) நிறுத்தத் தெரியாமல் நாரை இழைத்துக்கொண்டே போகின்றன. மெத்தென்றிருந்த ஈரல் முடிச்சு முடிச்சாக இறுகிவிடும். இதுதான் சிரோசிஸ். ஏற்கெனவே புற்றை நோக்கித் தடம் மாறிவிட்ட செல்லை வைரஸ் மாத்திரை என்ன செய்யும்?

2016-ல் ஸ்பெயினிலிருந்து ஒரு செய்தி கிலி கிளப்பியது. ஈரல் புற்றுநோய் வந்து சரியாகியிருந்த 58 பேர் இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டதில் 16 பேருக்குப் புற்று திரும்பியதாம். மாத்திரையே காரணமோ? ஒப்பிட்டுப் பார்க்க, மாத்திரை சாப்பிடாத குழு அந்த ஆய்வில் இல்லை. மறு வருடமே அமெரிக்காவில் 22,500 முன்னாள் ராணுவத்தினரின் கணக்கு வந்தது. வைரஸ் ஒழிந்தவர்களில் ஆண்டுக்கு 100-க்கு 0.9 பேருக்குப் புற்றுநோய், ஒழியாதவர்களில் 3.45. பயம் பெரும்பாலும் அடங்கியது. ஆனால் சிரோசிஸ் இருந்தவர்களுக்கு, குணமான பின்னும் அது 1.82.

ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தவர்களுக்குத் தெரியும்: வலது விலா எலும்புகளுக்கு நடுவே கருவி முனையை வைத்து, விரலால் சுண்டுவதுபோல் ஒரு தட்டு. அந்த அதிர்வு இறுகிய ஈரலில் வேகமாக ஓடும். அந்த வேகத்தை வைத்துச் சொல்லும் இறுக்க எண் 5-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. ஹெபடைட்டிஸ் சி-யில் 12.5-ஐத் தாண்டினால் சிரோசிஸ் என்பார்கள். குணமானபின் இந்த எண் மளமளவென இறங்கும். உடனே ஆறு மாத ஸ்கேனை நிறுத்திவிடலாம் என்று தோன்றும், அங்கேதான் ஏமாறுகிறோம். முதலில் வடிவது வீக்கம், நார் அவ்வளவு சீக்கிரம் கரையாது. குடியும் சர்க்கரையும் கூட இருந்தால் இன்னும் மோசம்.

அந்த ஸ்கேனுக்கு, அதாவது அல்ட்ராசவுண்டுக்கு, ஆறு மாதக் கெடு வைத்தது, கட்டி வளரும் வேகத்தைப் பார்த்துத்தான். இரண்டு செ.மீ.க்குள் சிக்கினால் ஊசியைச் செலுத்திச் சுட்டே அழித்துவிடலாம்.