ஆய்விதழின் ஆலோசனைக் குழுவுக்கு உங்கள் பெயரைக் கேட்டால் நீங்கள் என்ன கேட்க வேண்டும்?

தர்மபுரிப் பக்கம் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆய்விதழ்த் தளம் தொடங்க நினைப்பவர்கள் யோசனை கேட்டு வருவார்கள். ஆய்விதழ்த் தளம் நடத்த உதவும் ஓஜேஎஸ் மென்பொருள் இலவசம் என்பதால் தளம் சீக்கிரம் தயாராகிவிடும். ஆலோசனைக் குழுவின் ஞாபகம் கடைசியில்தான் வரும். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா, மாமா பெயர்களை அடுக்குவதுபோல், தெரிந்த பேராசிரியர் பெயரெல்லாம் ஏறிவிடும். சிலருக்குத் தகவலே போயிருக்காது.

இது சின்ன விஷயம் இல்லை. போலந்து ஆய்வாளர்கள் சிலர், இல்லாத ஒரு பெண் அறிஞரை உருவாக்கி, ஆசிரியர் பொறுப்பு கேட்டு அவர் பெயரில் 360 ஆய்விதழ்களுக்கு எழுதினார்கள். அந்தப் பொறுப்புக்கு எந்தத் தகுதியும் இல்லாதவராகவே அவரைக் காட்டியிருந்தார்கள். அப்படியும் 48 இதழ்கள் சேர்த்துக்கொண்டன. 2017இல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. அந்த 48இல் 40, ஏற்கெனவே மோசடிச் சந்தேகப் பட்டியலில் இருந்தவை. மீதி எட்டும் டிஓஏஜே என்ற, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஆய்விதழ்களின் மதிப்புள்ள பட்டியலில் இருந்தவை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

இன்னொன்று. 2025 பிப்ரவரியில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு), தான் ஏற்கும் ஆய்விதழ்களைச் சொல்லிவந்த கேர் பட்டியலை நிறுத்திவிட்டது. எந்த இதழ் நல்லது என்று பார்க்கும் வேலை இப்போது கல்லூரிகளின் தலையில். 'ஐஎஸ்எஸ்என் இருக்கிறதே' என்பார்கள். அது இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண், தரச் சான்று கிடையாது.

சரி, யாரை நியமிப்பது? நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அறிவித்தார்கள். கரிமக் காலக்கணிப்பில் கிடைத்த முடிவு அது. இதுபோன்ற கட்டுரைகள் வரப்போகும் தளத்துக்கு வரலாற்றுப் பேராசிரியர்கள் பத்துப் பேர் இருந்து பயனில்லை. இந்தத் துறைக் கட்டுரையை யாரிடம் மதிப்பாய்வுக்கு அனுப்பலாம், என்ன தரவு கேட்டு வாங்க வேண்டும் என்று விதி வகுக்க, காலக்கணிப்பு தெரிந்த ஒருவர் வேண்டும். கேழ்வரகு, மா பற்றியும் வெளியிடுவதாக இருந்தால் பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர் ஒருவரைத் தேடலாம். கல்லூரித் தாளாளரின் உறவினர் வேண்டாம். என்ன கோபம் வந்தாலும் சரி.

குழுவின் வேலையையும் எழுதி வைக்க வேண்டும். கட்டணம், மதிப்பாய்வு விதி, புகார் விசாரணை, பழைய இதழ்களைப் பாதுகாப்பது ஆகியவற்றில் குழு ஆலோசனை சொல்லலாம். ஒரு கட்டுரையை ஏற்பதா தள்ளுவதா என்பது இதழாசிரியரின் முடிவு. 'நம்ம பையன் கட்டுரை, கொஞ்சம் பாருங்க' என்று உறுப்பினர் போன் செய்ய வழி விடக்கூடாது. கடைசி இரண்டு இதழ்களில், ஆசிரியர் குழுவினரோ மதிப்பாய்வாளரோ எழுதியவை இதழுக்குக் கால் பங்கைத் தாண்டக்கூடாது என்பது டிஓஏஜே விதி. ஆலோசனைக் குழுவினரையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதே நியாயம்.

உங்களைக் கேட்டு போன் வந்தால், பதவிக்காலம், வேலை, கட்டண விவரம் எல்லாம் போட்டு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். விலகினால் எத்தனை நாளில் பெயரை எடுப்பார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். அப்புறம் இணையத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். கேட்காமலே எங்காவது போட்டிருந்தால், எடுக்கச் சொல்லி எழுதிவிட்டு, நகலை உங்கள் கல்லூரி முதல்வருக்கும் அனுப்புங்கள்.