தகடு மட்டும் படகு ஆகாது

பழைய மரப்படகுகளை வாங்குவோருக்காக ஆய்வு செய்து அறிக்கை எழுதுவது என் தொழில். இந்தச் சீசனில் மூன்றாவது முறையாக அதே கதை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு கொட்டகைக்குள் ஹெரஷாஃப் 12½ என்ற ரகச் சிறு பாய்ப்படகு ஒன்று நின்றது. வாங்க வந்தவர் முன்பணமே கட்டிவிட்டார். கட்டிய பட்டறையின் வெண்கலத் தகட்டில் நம்பர் இருக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம் என்கிறார்.

தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். பல பத்தாண்டுகள் தகடு மூடியிருந்த இடத்தில் மரத்தின் நிறம் மாறியிருக்க வேண்டும், திருகுகளைச் சுற்றிப் பச்சைக் கறை ஏறியிருக்க வேண்டும். இங்கே அடியிலும் அதே புது வார்னிஷ். உள்ளே மெல்லிய மரத்தை அடுக்கி ஒட்டிய வங்குக்கால்கள் (படகின் விலா எலும்புகள்), துருவேறா எஃகுத் திருகுகள். அசல் படகுகளைக் கட்டிய பிரிஸ்டல் ஊர் ஹெரஷாஃப் பட்டறையில் வெள்ளை ஓக்கை ஆவியில் வளைத்து வங்கு வைத்தார்கள். பலகைகளை வெண்கலத் திருகால் பூட்டினார்கள். தகடு அசலாகவே இருக்கலாம். படகு வேறு.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இந்த நம்பர் கணக்குதான். தகட்டில் 744 என்றிருந்தால் அந்த ரகத்தில் 744ஆவது படகு என்று நினைக்கிறார்கள். இல்லை! அது பட்டறையின் வேலை எண். நீராவிப் படகுகளுக்கு ஒரு வரிசை, பாய்ப்படகுகளுக்கு இன்னொன்று. பாய்ப்படகு வரிசையில் எல்லா ரகமும் கலந்தே வரும். அமெரிக்கா கோப்பைப் பாய்ப்படகுப் போட்டிக்காகக் கட்டிய நூறடிக்கும் மேல் நீளமான ரெசொல்யூட்டின் எண் 725. அதே 1914இல், பஸார்ட்ஸ் விரிகுடாவில் பிள்ளைகள் பாய் ஓட்டப் பழகுவதற்காக நதானியேல் ஹெரஷாஃப் வரைந்த 12½ ரகத்தின் முதல் படகுக்கு 744. அந்த ரகத்தில் பிரிஸ்டல் பட்டறை 1943 வரை கட்டியவை 350 சொச்சம்தான். பிறகு குவின்சி ஆடம்ஸ் பட்டறையும் கேப் காட் பட்டறையும் மரத்தில் கட்டின. அவையும் நல்ல படகுகளே, ஆனால் பிரிஸ்டல் படகுகள் அல்ல.

பாயில் தைத்திருக்கும் எண்ணையும் நம்பாதீர்கள், பாய் கைமாறும். பின்பலகையில் 12 எழுத்தும் இலக்கமுமாக ஒன்று பதிந்திருந்தால், அது 1972 நவம்பர் முதல் அமெரிக்காவில் சட்டப்படி படகுகளுக்குத் தரப்படும் அடையாள எண். பழைய படகுக்கு மாநில அரசு பின்னாளில் கொடுத்ததாக இருக்கலாம். அதிலுள்ள ஆண்டை வைத்துப் படகின் வயதைச் சொல்லாதீர்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் பட்டறையின் கட்டுமானப் பதிவைப் பாருங்கள். எண், முதல் உரிமையாளர், ஒப்பந்தத் தேதி எல்லாம் அதில் உண்டு. ஹெரஷாஃப் வரைபடங்களில் பெரும்பகுதி அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஹார்ட் கடல்சார் தொகுப்பில் இருக்கிறது, பிரிஸ்டலில் ஹெரஷாஃப் அருங்காட்சியகமும் இருக்கிறது. கேட்டால் சொல்வார்கள், கேளுங்கள். உரிமையாளர் மாறிய ஒவ்வொரு முறைக்கும் ரசீது கேளுங்கள். நடுவில் இருபது வருஷம் காணாமல் போனால் விற்பவர் விளக்கட்டும், நீங்கள் கதை கட்டிக்கொடுக்க வேண்டாம்.

படகு வைத்திருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பலகை மாற்றுவது குற்றமே இல்லை, மாற்றாமல் எந்த மரப்படகும் நூறு வருஷம் மிதக்காது. மாற்றும்போது எந்தப் பலகை, எந்த வங்கு, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள், நாலு படம் எடுங்கள். வார்னிஷுக்காகத் தகட்டைக் கழற்றினால் தயவுசெய்து அதே துளைகளில் திரும்ப மாட்டுங்கள்.