பேரொத்த புயல்

எங்கள் ஊர்ப்பக்கம் பழனிசாமி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் மேக்காலத் தோட்டத்துப் பழனிசாமி, கெணத்துக்காட்டுப் பழனிசாமி என்று தோட்டத்தைச் சேர்த்தே சொல்வோம். அப்பாரு பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கிற வழக்கம்தான் காரணம். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது.

புயல்களுக்கும் இதே கதை. 2008 நவம்பரில் காரைக்கால் பக்கம் கரையைக் கடந்த நிஷா பலருக்கு நினைவிருக்கும். வங்கதேசம் கொடுத்த பெயர், இரவு என்று பொருள். 2010-இல் தென் பசிபிக்கில் இன்னொரு நிஷா வந்தது. நியூ ஆர்லியன்ஸை 2005-இல் மூழ்கடித்த கத்ரீனாவுக்கு முன்பே, 1998-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பவழக் கடலில் ஒரு கத்ரீனா சுற்றியது.

ஒவ்வொரு கடலுக்கும் தனித்தனிப் பெயர்ப்பட்டியல் இருப்பதால்தான் இப்படி. நம் பக்கத்துக் கடல்களில் 2004 முதல் பெயர் வைக்கிறார்கள். 2020-இல் வந்த பட்டியலில் 13 நாடுகள் தலா 13 பெயர் கொடுத்தன; இந்தியா கொடுத்ததில் நம் 'முரசு'ம் உண்டு. இங்கே ஒருமுறை வைத்த பெயர் திரும்ப வராது. அட்லாண்டிக்கில் ஆறு பட்டியல்கள் சுழற்சியில் வரும், பெருஞ்சேதம் செய்த பெயரை மட்டும் நீக்கிவிடுவார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'ஒரே பெயரைக் கொண்ட வெவ்வேறு புயல்கள்' என்று நீட்ட வேண்டியதில்லை, 'பேரொத்த புயல்' போதும். புயல் பிறக்கும் கடற்பகுதியைக் 'கடற்படுகை' என்று எழுதுவது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. படுகை என்றதும் நமக்குக் காவிரிக்கரை வயல்தான் கண்ணில் நிற்கும். 'கடல் வட்டாரம்' என்றால் யாருக்கும் புரியும்.

புயல் என்ற சொல்லுக்கே முதலில் மேகம், மழை என்றுதான் பொருள். 'ஏரின் உழாஅர் உழவர் புயல்என்னும் வாரி வளங்குன்றிக் கால்' என்கிற குறளில் புயல் பொய்த்தால் உழவு நின்றுவிடும். கடலில்லாத கொங்கில் அந்தப் பழைய பொருள் இன்னும் பொருந்துகிறது. வங்கக்கடலில் புயல் என்றால் இங்கே மோடம் போட்டுத் தூறும், மானாவாரிக் காட்டுக்காரருக்கு அதுவே பெரிது. வாழையைச் சாய்க்கும் காற்றை நாம் சூறைக்காற்று என்போம். சூறாவளியிலும் அதே சூறைதான், வளி என்றால் காற்று. சைக்ளோன் என்ற சொல்லை 1848-இல் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கினார்.

பேரொத்த புயல்களை எழுதும்போது வெறும் நிஷா என்று விடாமல் தோட்டப்பெயர்போல வட்டாரத்தையும் ஆண்டையும் சேர்த்துவிடுங்கள்: வங்கக்கடல் நிஷா, 2008, தென் பசிபிக் நிஷா, 2010.