செங்கல்லால் 38.5 மீட்டர்: லூபெக் நகரின் மரியாள் ஆலயம்

வட ஜெர்மனியில் பால்டிக் கடலை ஒட்டிக் கிடக்கும் சமவெளியில் கட்டடத்துக்கு உகந்த கல் கிடைப்பதில்லை. பனியூழிக் காலத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாறைகள் உருகி மறைந்தபோது, களிமண்ணையும் மணலையும் ஆங்காங்கே உருண்டைப் பாறைகளையும் மட்டுமே அங்கு விட்டுச் சென்றன. கோதிக் கட்டடக் கலையோ பிரான்சில், உளிக்கு எளிதில் இணங்கும் சுண்ணாம்புக்கல்லை நம்பிப் பிறந்த கலை. கல்லில் பிறந்த அந்தக் கலையைச் சூளையில் சுட்ட மண்ணுக்கு மாற்றிக் கட்ட முடியுமா என்ற கேள்விக்கு லூபெக் நகர வணிகர்கள் கொடுத்த விடைதான் மரியாள் ஆலயம். 38.5 மீட்டர் உயரத்தில் நிற்கும் அதன் நடுக்கூட முகட்டைவிட, அதாவது மரக்கூரைக்குக் கீழே வளைத்துக் கட்டிய உட்கூரையைவிட, உயரமான செங்கல் முகடு உலகில் வேறெங்கும் இல்லை.

இந்த உயரத்துக்குப் பக்தி மட்டும் காரணமல்ல. லூபெக்கில் ஆயருக்கெனத் தனியாக ஒரு பேராலயம் இருந்தது. சிங்கம் எனப் பட்டம் பெற்ற ஹென்றி கோமகன் 1173இல் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஆனால் 1226இல் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரமாகி, பின்னர் ஹன்சா வணிகக் கூட்டமைப்பின் தலைமை இடத்துக்கு உயர்ந்த அந்நகரில், அதிகாரம் நகரசபையிடமும் அதில் அமர்ந்திருந்த பெருவணிகர்களிடமும் இருந்தது. பேராலயம் நகரின் தென்கோடியில் நிற்க, சந்தைக்கும் நகரசபைக் கட்டடத்துக்கும் பக்கத்திலேயே, ஆயரின் ஆலயத்தை விஞ்சும் அளவில் அவர்கள் தங்கள் ஆலயத்தை எழுப்பினார்கள். 13ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இன்றைய வடிவத்தை எடுக்கத் தொடங்கிய பணி, 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 125 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்களுடன் நிறைவடைந்தது.

இத்தனை உயரத்தைச் செங்கல் எப்படித் தாங்குகிறது? அடியில் உள்ள செங்கல் மேலுள்ள பாரத்தில் நொறுங்கிவிடாதா என்பதுதான் எவருக்கும் முதலில் எழும் ஐயம். கணக்கிட்டுப் பார்த்தால் அது வீண் அச்சம் என்று தெரியும். ஒரு கன மீட்டர் செங்கற்கட்டின் எடையை 1,800 கிலோ என்று கொண்டால், 125 மீட்டர் உயரமுள்ள நேர்ச்சுவரின் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டர் மீது விழும் பாரம் 22 அல்லது 23 கிலோதான். நன்கு சுட்ட செங்கல் இதைப் போலப் பல மடங்கைத் தாங்கும். மேலும், கோபுரத்தின் கூர்முனை மரச்சட்டங்களால் ஆனது என்பதால் உண்மையான பாரம் இதைவிடவும் குறைவு. கட்டுநர்களுக்குச் சவாலாக இருந்தது கீழ்நோக்கி அழுத்தும் எடை அல்ல, பக்கவாட்டில் தள்ளும் விசை.

வளைந்த கூரை எதுவாயினும் தன் இரு கால்களையும் வெளிப்புறமாகத் தள்ளும். அந்த உந்துவிசையின் அளவு, வளைவின் அகலத்தையும் பாரத்தையும் மட்டுமன்றி, அதன் உயரத்தையும் பொறுத்தது. அகலமும் பாரமும் மாறாதிருக்கும்போது வளைவின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் பக்க உந்துவிசை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். அரைவட்ட வளைவில் அகலத்தின் பாதிதான் உயரம் என்பது மாற்ற முடியாத விதி. கூர்வளைவுக்கு அந்தத் தளை இல்லை. அதே அகலத்தில் அதை வேண்டிய உயரத்துக்கு எழுப்பலாம். கோதிக் பாணியின் அடையாளமாக நாம் காணும் அந்தக் கூர்முனை, அழகுக்கு முன்பாக ஒரு விசையியல் வசதி என்பதே என் எண்ணம். தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக நிறுத்தினால் வளைவின் சரியான வடிவம் கிடைக்கும் என்று ராபர்ட் ஹூக் உணர்ந்து எழுதியது 1675இல்தான். லூபெக்கின் கொத்தனார்கள் அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, சூத்திரம் ஏதுமின்றி, அளவு விகிதங்களையும் முன்னோர் கட்டடங்களில் கண்ட விரிசல்களையும் துணைக்கொண்டு அந்த வடிவத்தை நெருங்கியிருந்தார்கள்.

குறைந்தாலும் உந்துவிசை முற்றிலும் மறைந்துவிடாது. நடுக்கூடத்தின் மேற்சுவரைத் தடிமனாக்கி அதைத் தாங்கலாம் என்றால், அங்கே பெரிய சாளரங்களைத் திறக்க முடியாது, வெளிச்சம் போய்விடும். எனவே பக்கக்கூடங்களின் கூரைக்கு மேலாகப் பாய்ந்து செல்லும் உதைவளைவுகள் முகட்டின் தள்ளுதலை வாங்கி, வெளியே நிற்கும் கனத்த உதைசுவர்களிடம் ஒப்படைக்கின்றன. அவற்றின் எடை அந்தச் சாய்ந்த விசையைத் தரைக்குத் திருப்பிவிடுகிறது. முகட்டிலும் எல்லாப் பகுதியும் ஒரே தடிமன் அல்ல. முதலில் மரச்சாரத்தின் மீது விலா எலும்புகளைப் போலக் குறுக்கு வளைவுகளைக் கட்டி, பிறகு அவற்றுக்கு இடைப்பட்ட வெளியை மெல்லிய செங்கல் ஓட்டினால் மூடினார்கள். அந்த விலாக்களின் உருண்ட விளிம்பை உளியால் செதுக்க வழியில்லை என்பதால், ஈரக் களிமண்ணை மர அச்சில் அழுத்தி, வேண்டிய வடிவத்திலேயே சூளையில் சுட்டெடுத்தார்கள். பிரெஞ்சு ஆலயங்களில் காணும் கல் இலைகளும் உருவங்களும் இங்கே வெளிச்சுவரில் அரிதாக இருப்பதற்கும், பால்டிக் கரையெங்கும் இதைப் பார்த்துக் கட்டப்பட்ட ஆலயங்களின் இறுகிய தோற்றத்துக்கும் இதுவே காரணம்.

செங்கற்களுக்கு இடையே உள்ள சுண்ணாம்புக் காரையும் தன் பங்கைச் செய்தது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கி மெல்ல மெல்லவே அது இறுகும். தடித்த சுவரின் உட்புறத்தில் இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அடித்தளம் சிறிது அமிழ்ந்தாலும், சுவர் சிறிது சாய்ந்தாலும், காரை விட்டுக்கொடுத்துச் செங்கல்லைக் காப்பாற்றும். இன்றைய சிமென்ட்டுக்கு அந்தப் பொறுமை இல்லை.

உள்ளே வைக்கப்பட்ட பொருள்களில் வணிகர்களின் கை நன்றாகவே தெரிகிறது. ஹான்ஸ் அப்பெங்கேட்டர் 1337இல் வார்த்த வெண்கல ஞானஸ்நானத் தொட்டியைத் தேவதூதர்கள் மண்டியிட்டுத் தாங்குகிறார்கள். அதன் கொள்ளளவு, அக்கால ஹாம்பர்க் பீர்ப் பீப்பாயின் அளவை ஒத்து, 400 லிட்டரைச் சற்றே தாண்டும் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நற்கருணையை வைப்பதற்கென 1479இல் முடிக்கப்பட்ட வெண்கலக் கோபுரம் 9.5 மீட்டர் உயரம் கொண்டது. 1463இல் பெர்ண்ட் நோட்கே ஒரு சிற்றாலயத்தின் சுவர் நெடுக அமையுமாறு தீட்டிய ‘மரண நடனம்’ இவற்றையெல்லாம்விடப் பெயர் பெற்றது. திருத்தந்தை முதல் தொட்டில் குழந்தை வரை ஒவ்வொருவர் கையையும் பற்றிச் சாவு ஆடும் அந்தக் காட்சி, கொள்ளைநோயை நேரில் கண்ட தலைமுறைகளுக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. மூல ஓவியம் நைந்துபோனதால் 1701இல் அதை நகலெடுத்தார்கள். அதே கருப்பொருளில் நோட்கே தீட்டிய மற்றொரு ஓவியத்தின் ஒரு பகுதியை எஸ்தோனியாவின் தாலின் நகரில் இன்றும் பார்க்கலாம்.

இசையில் இந்த ஆலயத்தின் பெயர் இன்னும் பெரிது. 1668 முதல் 1707 வரை இங்கே ஆர்கன் வாசித்த டீட்ரிக் புக்ஸ்டஹூடேயைக் கேட்பதற்காக, பின்னாளில் பெரும் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற ஜொகான் செபாஸ்டியன் பாக், தன் இருபதாவது வயதில், 1705இல் ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தே வந்தார். நான்கு வார விடுப்பில் வந்தவர் நான்கு மாதங்கள் கழித்துத்தான் திரும்பினார்.

1942 மார்ச் 28ஆம் நாள் இரவு, குருத்து ஞாயிறு விடியும் முன், பிரிட்டிஷ் விமானங்கள் வீசிய குண்டுகளால் நகரம் பற்றி எரிந்தது. கூரையின் மரச்சட்டங்களும் கோபுர முனைகளும் எரிந்து விழுந்தன. ஆர்கன்களும், மரண நடனமும், 16ஆம் நூற்றாண்டின் வானியல் கடிகாரமும் அழிந்தன. மணிகளைத் தாங்கிய மரச்சட்டம் எரிந்ததும் அவை தெற்குக் கோபுரத்தின் தரையில் விழுந்து நொறுங்கின. விழுந்த இடத்திலேயே அவற்றை இன்றும் விட்டு வைத்திருக்கிறார்கள். முகட்டின் சில பகுதிகள் சரிந்தன. ஆனால் சுவர்களும் முகட்டின் பெரும்பகுதியும் நின்றன. மரக்கூரைக்குக் கீழே செங்கல் முகடு ஒன்றைக் கட்டியதன் பயன்களில் இதுவும் ஒன்று: எரிந்து விழும் மரத்துக்கும் கூடத்துக்கும் இடையே அது தடுப்பாக நிற்கும். வெண்கலத் தொட்டியும் நற்கருணைக் கோபுரமும் எஞ்சின.

நெருப்பு இன்னொன்றையும் செய்தது. 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் சுவர்களை மூடியிருந்த வெள்ளைப்பூச்சு, வெப்பத்தில் அடிப்பூச்சிலிருந்து மாறுபட்டு விரிந்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதனடியில் இடைக்கால ஓவியங்கள் வெளிப்பட்டன. அவற்றைப் புதுப்பிக்கும் பணியை டீட்ரிக் ஃபை என்பவரும் அவரிடம் பணிபுரிந்த லோதார் மல்ஸ்காட் என்ற ஓவியரும் ஏற்றனர். 1951இல் ஆலயத்தின் 700ஆம் ஆண்டு விழாவுக்குப் மேற்கு ஜெர்மனியின் ஆட்சித்தலைவர் (சான்சலர்) அடினாவர் வந்தார், அஞ்சல் தலைகள் வெளியாயின, கலை வரலாற்றாளர்கள் வியந்து எழுதினார்கள். அடுத்த ஆண்டே மல்ஸ்காட், பீடப்பகுதியின் மேற்சுவரில் இருக்கும் புனிதர்கள் அனைவரும் வெற்றுச் சுவரில் தானே வரைந்தவை என்று அறிவித்தபோது முதலில் எவரும் நம்பவில்லை. நிபுணர்கள் சற்று எச்சரிக்கையாக இருந்திருக்கலாம். அவர் முன்பு பணியாற்றிய ஷ்லெஸ்விக் பேராலயத்தின் ‘இடைக்கால’ ஓவியங்களில், கொலம்பஸ் அமெரிக்காவை அடைவதற்கு முன் ஐரோப்பா கண்டிராத வான்கோழிகள் இருந்தன. அதற்கும், கொலம்பஸுக்கு முன்பே அமெரிக்காவை எட்டிய வைக்கிங் கடலோடிகள் கொண்டுவந்திருப்பார்கள் என்று விளக்கம் சொன்னவர்கள் உண்டு.

1955இல் இருவரும் சிறைத் தண்டனை பெற்றனர். பீடப்பகுதியின் போலி ஓவியங்கள் அகற்றப்பட்டுவிட்டதால் அந்தச் சுவர்கள் இப்போது வெறுமையாக உள்ளன. நடுக்கூடத்தில் இருப்பவை உண்மையான இடைக்கால ஓவியங்கள்தான். எனினும் அவற்றின் மீதும் மல்ஸ்காட்டின் தூரிகை தாராளமாகவே ஓடியிருக்கிறது.