"அண்ணா, போன்ல பாத்த நிறம் இதுல இல்லையே!"

மார்த்தாண்டத்தில் பிரிண்ட் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒருவர் புதுவீட்டுப் பால்காய்ப்புக்காக ரவிவர்மாவின் 'ஹம்ச தமயந்தி'யை மூன்றடி கேன்வாஸில் அடித்து வாங்கிப் போனார். மறுநாளே சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார், தலைப்பில் உள்ள அதே வசனத்தோடு. இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள்.

நான் சண்டைக்குப் போகவில்லை. அவர் போன், கூட வந்த மகள் போன், என் போன் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து அவர் அடிக்கக் கொடுத்த வாட்ஸ்அப் படத்தைத் திறந்தேன். தமயந்தியின் சேலை ஒன்றில் குங்குமம், ஒன்றில் காவி, இன்னொன்றில் செங்கல். "இதில் எதை அடிக்கட்டும்?" என்றேன். "மகள் போன்தான் விலை கூடியது, அதுதான் சரி" என்றார்.

இந்த விலைக்கணக்குதான் எனக்கு எரிச்சல். விலை கூடிய போன் நிறத்தை எடுப்பாகக் காட்டும். அது உண்மையான நிறமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. திரை தானே ஒளிர்வது. கேன்வாஸோ உங்கள் ஹாலில் எரியும் பல்பின் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். மஞ்சள் பல்பு என்றால் தமயந்தியும் மஞ்சள்தான். இதில் என் மிஷினைத் திட்டி என்ன பயன்?

இது நம் ஊர்க் கூத்து மட்டுமில்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம், தன்னிடமுள்ள, டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால்காரி' ஓவியத்துக்கு இணையத்தில் 10,000-க்கும் மேல் நகல்கள் உலவுவதைக் கண்டது. பெரும்பாலும் மஞ்சள் பூத்தவை. அவற்றையே பார்த்துப் பழகிய ஜனங்கள், அங்கே கடையில் விற்ற சரியான அஞ்சலட்டையை நம்பவில்லையாம்! கடைசியில் அருங்காட்சியகமே நல்ல படத்தை இணையத்தில் போட்டது.

ரவிவர்மா விஷயம் இன்னும் சிக்கல். நம் தாத்தா வீட்டுச் சுவரில் தொங்கியது 1894-இல் அவர் தொடங்கிய அச்சகத்தின் கல் அச்சுப் படம். நிறத்துக்கு ஒரு கல் என்று தனித்தனியாக ஏற்றி அடித்தது. எண்ணெய் ஓவியத்தின் நிறத்தை அதில் தேடக் கூடாது.

நான் ஓவியத்தைப் படமெடுக்கும்போது முதல் ஷாட்டில் வேறு நிறச் சாயல் இல்லாத ஒரு சாம்பல் அட்டையைப் பக்கத்தில் வைப்பேன். பார்த்துச் சிரிப்பார்கள். அப்புறம் நிறத்தைச் சரிசெய்ய எனக்கு இருக்கும் ஒரே பிடி அதுதான்.

சரி, அடிக்கக் கொடுக்கும் முன் இதையாவது செய்யுங்கள். படத்தை, அசல் இருக்கும் அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், டாக்குமென்டாக அனுப்புங்கள். போனில் திரையை மஞ்சளாக்கும் நைட் மோடை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு சாண் துண்டு மாதிரி கேளுங்கள், அதை மாட்டப்போகும் சுவரிலேயே வைத்துப் பாருங்கள். "கொஞ்சம் பளிச்சுன்னு தூக்கிவிடுங்க" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரு லீவு நாளில் திருவனந்தபுரம் மியூசியத்துக்கு பஸ் ஏறி அசலையே பார்த்துவிட்டு வந்தால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அந்தப் பால்காய்ப்பு வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, மகள் போனில் தெரியும் நிறத்திலேயே இன்னொன்று அடிக்கச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன், கடை நடக்க வேண்டுமே.