எலும்பொட்டி: சிமெண்டும் அல்ல, எலும்புப் பசையும் அல்ல

முறிந்த எலும்பைத் திருகாணி போட்டு இறுக்காமல் பசை தடவி ஒட்டும் முறை 2025 செப்டம்பரில் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்திலிருந்து செய்தியாக வந்தது. அதிலிருந்து, தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்களும் காணொளியில் பேசுகிறவர்களும் 'எலும்பு சிமெண்ட்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு. ஆந்திராவிலுள்ள எங்கள் நகரி ஊரில் முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட பெரியவர் ஒருவர், "எனக்கு வைத்த சிமெண்டையே பேரன் மணிக்கட்டுக்கும் வையுங்களேன், பிளேட்டும் ஸ்க்ரூவும் எதற்கு?" என்று மருத்துவரிடம் சண்டைக்கே போய்விட்டார். அவர்மேல் குற்றமில்லை, அவர் காதில் விழுந்த சொல் அப்படி.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'சிமெண்ட்' என்பது வெட்டிய கல்சில்லைக் குறித்த லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஒட்டும் பொருளுக்கான ஆங்கிலச் சொல் 'அட்ஹெசிவ்'. அதற்கு வேர், பற்றிக்கொள்வதைக் குறிக்கும் லத்தீன் வினை. முன்னது கட்டடம் சார்ந்தது, பின்னது ஒட்டுதல் சார்ந்தது.

மருத்துவத்திலும் இரண்டும் வேறு. எலும்பு சிமெண்ட் என்பது ஒருவகை அக்ரிலிக். தூளையும் திரவத்தையும் குழைத்தால் சூடேறிச் சில நிமிடங்களில் இறுகும். 1950களின் இறுதியில் பிரிட்டன் மருத்துவர் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்றுக்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கினார். செயற்கை மூட்டுக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பி, எலும்பின் நுண்துளைகளில் புகுந்து பிடிக்கும், ஒட்டாது. உடலில் கரையவும் செய்யாது. நம் கொத்தனார்கள் காரை பூசி இடுக்கை அடைப்பார்களே, அதே வேலை. ஆகவே அதற்கு 'எலும்புக்காரை' என்பதே சரியான தமிழ்.

இப்போது பேசப்படும் பொருளின் வேலை வேறு. இரத்தமும் ஈரமும் ஊறும் இடத்தில் இரண்டு முறிமுனைகளையும் பற்றிக்கொள்ள வேண்டும். நீருக்கடியில் பாறையைப் பற்றிக்கொள்ளும் சிப்பியைப் பார்த்துத்தான் சீன மருத்துவர்கள் இதை உருவாக்கினார்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் இறுகும், எலும்பு கூடும்போது உடலிலேயே கரையும் என்கிறார்கள். அப்படியானால் திருகாணியைக் கழற்ற இன்னோர் அறுவை வேண்டாம். பசை முயற்சி புதிதும் அல்ல. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் பாலியூரித்தேன் பசையை முயன்று, சரிவராமல் கைவிட்டார்கள்.

சரி, 'எலும்புப் பசை' என்று சொல்லலாமே என்பார்கள். கூடாது. தச்சர்கள் தகரக் குவளையில் வச்சிரம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுத்த பழுப்புக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, அடுப்பில் இளக்கிச் சூடாகத் தடவுவார்கள். நாற்றம் தெருமுனை வரை வரும். அரிசிப் பசை அரிசியால் ஆனது, மைதாப் பசை மைதாவால் ஆனது. அப்படிப் பார்த்தால் எலும்புப் பசை என்பது எலும்பைக் காய்ச்சிய பசைதான். எலும்பை ஒட்டும் பசை என்று தமிழ்க் காது அதை எடுத்துக்கொள்ளாது.

'எலும்பு ஒட்டு' என்பதும் ஆகாது. சித்தூர் மாந்தோப்புக்காரர்களுக்கு ஒட்டு என்றால் ஒட்டு மாங்கன்று. மருத்துவர்களும் ஓரிடத்து எலும்பை எடுத்து வேறிடத்தில் வைப்பதற்கு இச்சொல்லை வைத்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது 'என்பு இணைப்பான்'. என்பு அழகான பழஞ்சொல், குறளிலேயே இருக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் திருகாணியும் இணைப்பான், தகடும் இணைப்பான், கம்பியும் இணைப்பான். எதற்கு மாற்றாக இந்தப் பொருள் வந்ததோ, அதையும் சேர்த்துக் குறிக்கும் சொல் எதற்கு உதவும்? அகராதியைப் புரட்டிச் சொல்லைப் பொறுக்குகிறவர்கள் அறுவை அரங்கில் நடப்பதைக் கேட்டறிவதே இல்லை. தெலுங்கில் பசைக்கு 'ஜிகுரு' என்கிறார்கள். கடைக்காரருக்கும் புரியும், மருத்துவருக்கும் புரியும். நமக்கு மட்டும் ஏன் இத்தனை சிக்கல்?

நம்மிடம் சொல் இருக்கிறது: எலும்பொட்டி. அது ஒரு செடியின் பெயர். அதன் இலையை அரைத்து முறிவுக்குப் பற்றுப் போடுவது நாட்டு வைத்தியம். செடியோடு குழம்பும் என்றால் அதை எலும்பொட்டிச் செடி என்றும், இதை எலும்பொட்டிப் பசை என்றும் சொல்லலாம். சூழலே மீதியைத் தெளிவாக்கும்.

இன்னொன்று. பக்கத்திலுள்ள புத்தூரில் பச்சிலை பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுகிறார்கள். கட்டு பிரித்த பிறகு இங்கே யாரும் "கட்டு எலும்பைக் கூட்டியது" என்பதில்லை, "எலும்பு கூடிவிட்டது" என்பார்கள். கூடுவது எலும்பு, கட்டோ பசையோ அதுவரை பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் 'எலும்புக்கூட்டி' என்று சிலர் முன்வைக்கும் சொல்லையும் நான் ஏற்கவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் இனி மூட்டு மாற்று அறுவையில் வருவதை எலும்புக்காரை என்றும், முறிவை ஒட்டுவதை எலும்பொட்டி என்றும் எழுதட்டும்.