சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு: வரலாற்றை விட்டுவிட்டு வராதீர்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியில் தரைத்தளக் கட்டடங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மென்பொருளின் மூல நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகப் பதிந்துவைக்கும் கருவிகள் சப்வெர்ஷனும் கிட்டும். மூல நிரல் முழுவதையும் அலுவலகத்திலுள்ள ஒரே சப்வெர்ஷன் சர்வரில் வைத்திருக்கும் சிறு நிறுவனத்தினர் சிலர், கிட்டுக்கு மாறுவது பற்றி அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் என்னிடம் தீவிரமாகக் கேட்கத் தொடங்கினார்கள். சப்வெர்ஷனில் முழு வரலாறும் சர்வரில் மட்டுமே இருக்கும். கிட்டிலோ, வழக்கமான முறையில் குளோன் (நகல்) செய்த ஒவ்வொரு கணினியிலும் அது இருக்கும் என்பதால், அவர்கள் மாற நினைப்பது சரியே. மாறுகிற விதம்தான் கவலை தருகிறது. நிரலின் கடைசிப் பிரதியை மட்டும் எடுத்துப் புதிய களஞ்சியத்தில் (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் இடம்) போட்டு, ‘முதல் கமிட்’ (கமிட் என்பது குறிப்போடு பதியும் ஒரு மாற்றம்) என்று எழுதி வேலையை முடித்துவிடுகிறார்கள்.

இதனால் இழப்பது என்ன? முக்கூடல், கடையம் பக்கத்துப் பீடிக் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் பொதுவாக 12 சதவீதம். பீடித் தொழிலுக்கு 10 சதவீதம். நிரலில் 10 என்றிருப்பதைப் பார்த்துப் பிழையென்று எண்ணும் புதிய பணியாளர் அதை 12 ஆக்கிவிட்டால், இலையும் தூளும் வாங்கிச் சென்று வீட்டிலிருந்து பீடி சுற்றித் தரும் பெண்கள் அத்தனை பேரின் கூலியிலும் பிடித்தம் கூடிவிடும். அந்த வரியை யார், எப்போது, எதற்காக அப்படி எழுதினார் என்பது பெரும்பாலும் பழைய கமிட் குறிப்பில் மட்டுமே இருக்கும். மனை வாங்கப் போனால் தாய்ப்பத்திரத்தைக் காட்டு என்று கேட்கிற நாம், நிரல் விஷயத்தில் மட்டும் அது வேண்டாம் என்பது விந்தைதான்.

ஆகவே, முதலில் சர்வரிலிருந்து முழு டம்ப் (வரலாறு முழுவதன் பிரதி) எடுத்து, வேறொரு கணினியில் ஏற்றி, அந்தப் பிரதியில் ஒத்திகை பாருங்கள். சப்வெர்ஷன் கமிட்டில் பயனர் பெயர் மட்டும் இருக்கும். கிட் பெயரையும் மின்னஞ்சலையும் கேட்கும். எனவே, வேலையை விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டவர்கள் உட்பட எல்லோருக்கும் பொருத்தப் பட்டியல் ஒன்று தயாரிக்க வேண்டும். அதில் இல்லாத பெயர் குறுக்கிட்டால், சப்வெர்ஷன் வரலாற்றைக் கிட்டுக்கு மாற்றும் கிட்-எஸ்விஎன் கருவி அந்த இடத்திலேயே நின்றுவிடும். அலுவலகம் முழுவதும் ‘அட்மின்’ என்ற ஒரே பெயரில் கமிட் செய்திருந்தால் (இது அரிதன்று), அதை அப்படியே விடுங்கள். ஊகித்துப் பெயர் போடக் கூடாது.

‘ரிவிஷன் 4812இல் சரிசெய்யப்பட்டது’ என்பது போன்ற குறிப்புகள் உங்கள் பிழைப் பதிவேட்டில் நிறைய இருக்கும். சப்வெர்ஷன் வரிசையாகத் தரும் அந்த ரிவிஷன் எண்கள் கிட்டில் கிடையாது. ஒவ்வொரு கமிட்டையும் அடையாளம் காட்டும் 40 எழுத்து ஹாஷ் மட்டுமே உண்டு. கிட்-எஸ்விஎன் ஒவ்வொரு கமிட் குறிப்பின் அடியிலும் பழைய எண்ணைத் தானாகவே சேர்த்துவிடும். பார்க்க அழகாக இல்லை என்று பலர் அதை நீக்கச் சொல்கிறார்கள்; வைத்திருங்கள் என்பதே என் கருத்து. வெற்று அடைவுகள் கிட்டில் பதிவாகாது என்பதையும், சப்வெர்ஷன் டேகுகள் (வெளியீடுகளுக்கு இட்ட பெயர்க்குறிகள்) பிராஞ்சுகளாக (தனிக் கிளைகளாக) வந்து சேரும் என்பதையும் கவனித்துச் சரிசெய்துகொள்ளுங்கள். பழைய தமிழ் அறிக்கைகள் டிஸ்கி என்ற முந்தைய எழுத்துக் குறியாக்கத்தில் இருந்தால், இடமாற்றத்தோடு சேர்த்து யூனிகோடாக மாற்ற முற்படாதீர்கள். அது பின்னர் தனிக் கமிட்டாகச் செய்ய வேண்டிய வேலை.

அலுவலகச் சுவருக்குள் இருந்த வரலாறு கிட்ஹப் போன்ற வெளித் தளத்துக்குப் போகும்போது, என்றோ அழித்த கோப்பிலிருந்த தரவுதளக் கடவுச்சொல்லும் கூடவே போகும். கிட் ஃபில்டர்-ரிப்போ என்ற கருவி கொண்டு அதை வரலாற்றிலிருந்தே நீக்கலாம். நீக்கினாலும் கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும். வாடிக்கையாளரின் தரவுதள பேக்கப்பை யாராவது என்றோ கமிட் செய்திருந்தால், அதையும் அப்போதே எடுத்துவிடுங்கள். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை கிட்ஹப் ஏற்காது.

2020 ஜனவரியில் சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு மாறிய ஜிசிசி கம்பைலர் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) திட்டம், பல பத்தாண்டு வரலாற்றையும் கூடவே கொண்டுவந்தது. அதற்கான ஆயத்தம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. நம் ஊர்ச் சிறு நிறுவனங்களுக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது. ஆனாலும் நாள் பார்த்துத்தான் செய்ய வேண்டும்: வைப்பு நிதி செலுத்தக் கடைசி நாள் மாதத்தின் 15ஆம் தேதி என்பதால், அது கழிந்து அடுத்த சம்பளக் கணக்கு தொடங்குவதற்குள் மாறிவிடுவது நல்லது. மாறுமுன் ஒவ்வொரு டேகையும் இரு பக்கத்திலிருந்தும் எடுத்து ஒப்பிட்டு, ஒரே மாதத்தின் கூலிப் பட்டியலை இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். பழைய சர்வரை உடனே அணைத்துவிட வேண்டாம். படிக்க மட்டும் திறந்துவைத்து, பழக்கத்தில் யாரேனும் அங்கே கமிட் செய்தால் மறுத்துப் புதிய முகவரியைத் தெரிவிக்கும்படி ப்ரீ-கமிட் ஹூக் (கமிட் பதிவாகுமுன் தானாக ஓடும் சிறு நிரல்) ஒன்றை எழுதிவையுங்கள்.